என்ஜின் பக்கத்துக் காது

என் சித்தப்பாவின் மூன்றாவது மகனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. பஸ் டிப்போவில் வைத்த ‘ஹாரன்’ என்ற பெயர்தான் நிலைத்தது. இருபத்தேழு வருஷமாக பஸ் ஓட்டுகிறான். ஹாரனை ஓயாமல் அடிப்பதால் வந்த பெயர் என்று வெளியில் சொல்வார்கள். உண்மையில் அவன் பேசுவதே அப்படித்தான். பக்கத்தில் இருக்கும் பெண்டாட்டியிடம் தண்ணீர் கேட்டால் எதிர்வீட்டுக்காரர் தம்ளரோடு வருவார்.

தான் கத்துவது அவனுக்குத் தெரியாது. போனை ஒரு காதில் வைத்தால் கேட்கும். மறு காதில் வைத்தால் “சிக்னல் இல்ல” என்பான். மூன்று போன் மாற்றினான். நான்காவது வாங்கும்முன் மகள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். காது பரிசோதிக்கும் மேடம் அவனைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். முதலில், பஸ் ஓட்டும்போது என்ஜின் பெட்டி இருக்கும் பக்கத்துக் காது. கொஞ்ச நேரம் பொத்தான்மேல் விரலை வைத்தபடி இருந்துவிட்டு, “எப்ப மேடம் ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டானாம்.

அந்தக் காது பாதிக்குமேல் போயிருந்தது. மற்றதும் சுமார்தான்.

என்ஜின் இரைச்சல்தான் காரணம் என்று டிப்போ மேனேஜரிடம் போய்ச் சொன்னான். அவர் மருத்துவம் படிக்காத மேதை. பரிசோதனைக் காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

“உங்க வம்சத்துல இருக்கும்ப்பா. என்ஜின் மேல ஏன் பழி போடறே? அது நிர்வாகத்துச் சொத்து.”

வேறு சமயமாக இருந்தால் ஹாரன் இதை விட்டிருப்பான். ஆனால் அவன் மகள் ஓட்டுநர் தேர்வில் பாஸாகி எட்டு மாதமாக அதே மாதிரி பஸ்ஸில், அதே மாதிரி சீட்டில், அதே என்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“எனக்குப் போனது போகட்டும்க்கா. என்ஜினா, நம்ம ரத்தமான்னு தெரியணும். என்ஜின்னா அவளுக்கு ஏதாவது செய்யலாம். ரத்தம்னா என்ன செய்ய, அப்பனையா மாத்த முடியும்?” என்று என்னிடம் கேட்டான். தெருவே பதில் யோசித்தது.

மகள்தான் வழி கண்டுபிடித்தாள். இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறதாம். நமக்கு என்ன தெரியவேண்டும், அதை எப்படிக் கண்டுபிடிக்கப்போகிறோம் என்று எல்லாரும் படிக்கும்படி எழுதிப் போடவேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து குறை சொல்லலாம். குறைகளையெல்லாம் சரிசெய்தபிறகு, விருப்பப்பட்டவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் போட்டு அந்த ஆராய்ச்சியை நடத்திக்கொடுப்பார்கள். யாரும் கேட்காமலே குறை சொல்லி வளர்ந்த எங்கள் சொந்தக்காரர்களுக்காகவே கட்டிய இடம்போல இருந்தது.

காது மேடமும் சேர்ந்துகொண்டார். நாற்பது ஓட்டுநர்கள், அதே வயதில் நாற்பது கண்டக்டர்கள், எல்லாருக்கும் பரிசோதனை, கருவி வாடகைக்கு இவ்வளவு என்று எழுதிப் போட்டார்கள்.

பாருங்கள், குறை சொல்ல வாய்ப்புக் கொடுத்த இடத்தில் எங்கள் ஆட்களுக்குக் குறையே தெரியவில்லை! மாப்பிள்ளை விசாரிக்க வந்தவர்களிடம் சொல்வதுபோல வரிசையாக எழுதினார்கள். “தங்கமான மனுஷன்.” “சிகரெட் கிடையாது.” “ஒரே தடவைதான் பஸ்ஸை இடித்திருக்கிறார், அதுவும் அவர் தப்பு இல்லை.” சின்ன அத்தை மகன் ஐந்து பெயரில் வந்து ஐந்து தடவை பாராட்டினான்.

படித்துப் பார்த்தவர் ஒருவர்தான். தன் பெயரை ‘சந்தேகம்’ என்று போட்டிருந்தார். இரண்டு கேள்வி கேட்டார். தானாக வரும் ஓட்டுநர்களையா சோதிப்பீர்கள், காது போனவர்கள்தானே முதலில் ஓடிவருவார்கள்? உங்கள் குடும்பத்தில் காது மந்தம் உண்டா?

முதல் கேள்வி நியாயம் என்று மகள் ஒப்புக்கொண்டு, டியூட்டிப் பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்கி ஆள் எடுப்பதாக மாற்றி எழுதினாள். இரண்டாவது கேள்விக்கு அவள் பதில் எழுதும் முன்பே ஹாரனின் அண்ணன் எழுதிவிட்டான். அவன் மகளுக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். “குடும்பத்தின் சார்பில் தெரிவிப்பது: எங்கள் பரம்பரையில் ஒருவருக்கும் காதில் குறை இருந்ததில்லை. தொண்ணூறு வயதிலும் ஊசி விழுந்தால் கேட்கும்.”

மறுநாள் சந்தேகம் எழுதினார்: “அப்படியானால் என்ஜினை விடுங்கள். முதலில் உங்கள் குடும்பத்தைத்தான் ஆராயவேண்டும்.”

படித்தவர்கள் சிரித்தார்கள். அதோடு, பணம் போட வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். வீட்டு விஷயத்தையே மறைப்பவர்கள் நாளைக்கு முடிவையும் மறைக்க மாட்டார்களா என்று ஒருவர் கேட்டார்.

ஹாரன் ஒரு நோட்டோடு என் வீட்டுக்கு வந்தான். அண்ணன்காரன் பின்னாலேயே ஓடிவந்தான்.

“அக்கா, நம்ம வழியில யார் யாருக்குக் கேக்காது, சொல்லு.”

“சொல்லாதீங்கக்கா! என் பொண்ணு வாழ்க்கை!” என்றான் அண்ணன்.

“இவன் பொண்ணு?” என்றேன்.

“அவளுக்கென்ன, நல்லாத்தானே கேக்குது?”

“எனக்கும் இருபத்தெட்டு வயசுல நல்லாத்தான் கேட்டுச்சு” என்றான் ஹாரன். அன்றைக்கு மட்டும் மெதுவாகச் சொன்னான்.

நான் சொன்னேன். எங்கள் தாத்தா. அவருடைய தங்கை, அந்த அம்மாள் நாற்பது வருஷம் மாமியார் பேச்சே கேட்காமல் நிம்மதியாக வாழ்ந்தாள். பெரிய அத்தை, அவளுடைய இரண்டாவது மகன், சித்தப்பா. ஆறாவதாக என்னையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். “உனக்கு வேண்டியதெல்லாம் கேக்குமேக்கா” என்றான். எழுதிக்கொண்டான்.

அப்படியே போட்டுவிட்டார்கள். அண்ணன் எழுதியது தவறு என்று தலைப்பிலேயே சொல்லி, கீழே ஆறு பேர் பட்டியல். சொந்தக்காரர்கள் ஹாரனோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பாவம், நிறுத்தியது அவனுக்குத் தெரியவே பதினைந்து நாள் ஆயிற்று. மேனேஜர் பட்டியலை அச்செடுத்து டிப்போ அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். “நான் அப்பவே சொல்லலே?” என்று கேண்டீன் வரை போய்ச் சொன்னார். பார்த்துவிட்டு வந்த ஹாரன், மகளிடம் “நம்மளே எடுத்துக் கொடுத்துட்டமோ?” என்று கேட்டான்.

பதில் சந்தேகத்திடமிருந்து வந்தது. “நன்றி. இப்போது வழி சுலபம். ஒரு மனிதனுடைய இரண்டு காதுக்கும் அப்பா ஒருவர்தானே? வம்சம் என்றால் இரண்டும் ஒரேமாதிரி மங்கவேண்டும். ஓட்டுநரைக் கண்டக்டரோடு ஒப்பிடுவது இருக்கட்டும், ஒவ்வொருவருக்கும் இந்தக் காதை அந்தக் காதோடு ஒப்பிடுங்கள்.” எழுதியதோடு முதல் ஆளாகப் பணமும் போட்டார். பிறகுதான் தெரிந்தது, அவர் கடைத் தராசுகளைச் சரிபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவராம். தட்டை மாற்றிப் போட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாத மனுஷன். ஐந்து பெயரில் வந்த எங்கள் பையன் ஒரு பெயரில்கூடக் காசு போடவில்லை.

ஒரு மாதத்தில் பணம் சேர்ந்தது. சீட்டுக் குலுக்கினார்கள். ஹாரனின் சீட்டு வரவில்லை. “என் ஆராய்ச்சியில நானே இல்லையா?” என்று அவன் கத்தியதில், காது மேடம் அன்றைக்கு ஒரு பரிசோதனையை மறுபடி செய்யவேண்டி வந்தது.

நாற்பது ஓட்டுநர்களில் முப்பத்தொரு பேருக்கு என்ஜின் பக்கத்துக் காது மோசம். ஐந்து பேருக்கு இரண்டும் சமம். நாலு பேருக்குத் தலைகீழ். கண்டக்டர்களுக்குப் பக்க வித்தியாசம் ஒன்றும் பெரிதாக இல்லை. அண்ணன் பகையை மறந்து ஆலோசனை சொல்ல வந்தான்: “அந்த நாலு பேரை விட்டுட்டுப் போடேன், பார்க்க நல்லாருக்கும்.”

“ஏற்கெனவே ஒரு தடவை நீ அழகு பார்த்தது போதும்ணே” என்று ஹாரன் நாற்பதையும் போட்டான்.

அவன் காது விஷயம்? வம்சம் இரண்டு காதிலும் கொஞ்சம் எடுத்திருக்கும், என்ஜின் ஒன்றில் மிச்சத்தை எடுத்திருக்கும், தனி ஒருவருக்கு இவ்வளவுதான் சொல்லமுடியும் என்றார் மேடம். நிர்வாகமும் பதில் அனுப்பியது. ஆய்வை ஆராய ஒரு குழு அமைக்கப்படுமாம். குழுவை யார் ஆராய்வார்கள் என்று சந்தேகம் கேட்டிருக்கிறார். அண்ணன் மகள் வரன் முறியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பட்டியலைப் படித்துவிட்டு, எங்கள் பக்கமும் மூன்று பேர் உண்டு, எப்படிச் சொல்வதென்று தவித்துக்கொண்டிருந்தோம் என்றார்களாம்.

ஹாரனின் மகள் குழுவுக்காகக் காத்திருக்கவில்லை. என்ஜின் இரைச்சலைக் குறைத்து மற்ற வண்டிகளின் ஹாரனை உள்ளே விடும் ரப்பர் அடைப்பு ஒன்றை மேடத்திடம் வாங்கி, அந்தப் பக்கத்துக் காதில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸை எடுக்கிறாள். வருஷம் ஒருமுறை பரிசோதித்து அதையும் எல்லாரும் பார்க்கப் போடப்போகிறாளாம். இந்த வருஷம் இரண்டு காதும் சமம்.

ஹாரன் லீவு நாளில் அவள் பஸ்ஸில் ஏறி, என்ஜின் பெட்டிக்கு அடுத்த சீட்டில் உட்கார்ந்துகொண்டு, “கியரை மாத்து, வளைவு வருது, பார்த்து, பார்த்து!” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருகிறான். அடைப்பு வேலை செய்கிறதா என்று நான் அவளைக் கேட்டேன்.

“அருமையா வேலை செய்யுது அத்தை” என்றாள்.