வலக்கையை நீட்டுகிறவர்

யுத்தம் முடிந்த மறு வருஷம், மாதுங்காவில் சாயங்கால டிராமை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அவரைப் பார்ப்பேன். தாராவிக்காரர். பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்து, பம்பாயிலும் லாரிதான் ஓட்டினார். வெளுத்த காக்கிச் சட்டை, தூக்கம் காணாத கண்கள். லாரி ஜன்னலில் நீட்டுவது போல, நடக்கும்போதுகூட வலக்கையை நீட்டிவிட்டுத்தான் வலப்பக்கம் திரும்புவார். பிச்சை கேட்கிறார் என்று நினைத்து ஒருநாள் நான் சட்டைப்பையைத் துழாவிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை.

“இத்தாலியில கை நீட்டாமத் திரும்பினேன்னு மிலிட்டரி போலீஸ் என்னைய உள்ள தள்ளிட்டான், சாமி. எகிப்துல நீட்டினாலும் ஒண்ணுதான், நீட்டாட்டாலும் ஒண்ணுதான், எவனும் கண்டுக்க மாட்டான். இங்க நான் கை நீட்டினா, துட்டு குடுக்கேன்னு நெனச்சு போலீஸ் ஹவல்தாரும் கை நீட்டுதான்.”

“பின்னே ஏன் இன்னும் நீட்டறீர்?”

“போலீஸ்காரனுக்கா நீட்டுதேன்? பின்னால வாரவனுக்குல்லா” என்றார், சொல்லிச் சொல்லி அலுத்த குரலில்.

அடுத்த முனையில் கையை நீட்டி, தாராவிப் பக்கம் திரும்பினார். பின்னால் வந்துகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். அவர் திரும்பி முடிக்கும்வரை நின்றேன்.