என் திரையில் மட்டும் சிவப்பு

போன வாரம் கோட்டாறு கடைத்தெருவில் யாரோ மிளகாய் வற்றல் மூட்டையைப் பிரித்தார்கள். எல்லோரும் தும்மினார்கள். எனக்குத் தும்மலோடு பழைய பயம் ஒன்றும் வந்தது. இதே நெடி ஏறிவரும் ஒரு மாடியறையில்தான் எங்கள் அலுவலகம் இருந்தது.

மீனவர்களுக்குக் கடல் நிலவரம் சொல்லும் சின்ன இணையதளம் எங்களுடையது. ஆட்கள் நானும் ஸ்டெல்லா அக்காவும் மட்டும். அக்கா செய்தியைத் தமிழில் எழுதித் தருவார், நான் ஏற்றுவேன். அவர் கணவர் அந்தோணி அண்ணன் மணவாளக்குறிச்சிப் பக்கம் கடலுக்குப் போகிறவர். போனில் எங்கள் தளத்தைப் பார்த்துவிட்டுத்தான் வள்ளம் இறக்குவார். அந்தப் பெருமையில் நான் கொஞ்சம் மிதந்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கணினிகளுக்குத் தெரிவது எண்தான், தளத்தின் பெயர் நமக்காக. பெயரைத் தட்டினால் எங்கோ இருக்கும் ஒரு பதிவேடு அதற்குரிய எண்ணைச் சொல்லும். வழியிலுள்ள கணினிகள் அந்தப் பதிலை ஒரு நாள்வரை ஞாபகம் வைத்திருக்கும். தளத்தை வேறு கணினிக்கு மாற்றியபோது, ஒத்திகை பார்ப்பதற்காகப் புது எண்ணை என் கணினியில் மட்டும் எழுதிவைத்தேன். ஜோராக வந்தது. பதிவேட்டை மாற்ற மறந்தேபோனேன். சிரிப்பீர்கள், வேலை முடிந்த சந்தோஷத்தில் எனக்கு நானே ரசவடை வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

மறுநாள், ‘பலத்த காற்று, கடலுக்குப் போக வேண்டாம்’ என்று சிவப்பில் ஏற்றினேன். மதியம் அக்காவின் போன் அடித்தது. அண்ணனின் குரல் எனக்கே கேட்டது.

“ஏட்டி, கடல் அமைதின்னுல்லா போட்டிருக்கு. வள்ளத்த எறக்கப் போறோம்.”

வைத்துவிட்டார். போனைக் கரையில் விட்டுவிட்டுப் போவது அவர் வழக்கம். திரும்ப அடித்தால் யாரும் எடுக்கவில்லை. அக்கா பக்கத்து மேசையில் இருந்த தன் கணினியில் பார்த்தார். நேற்றைய பக்கம் அப்படியே இருந்தது.

“மக்கா, நீ என்னத்தலே போட்டிருக்க?”

பதிவேடு இன்னும் எல்லோரையும் பழைய கணினிக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. உடனே மாற்றினேன். அக்காவின் திரை மாறவில்லை. வழியிலுள்ள கணினிகள் பழைய பதிலை மறக்கும்வரை மாறாது. பழைய கணினியில் திருத்தலாமென்றால், அதன் வாடகையை முந்தின நாளே முடித்து ஒப்படைத்திருந்தேன்; அவர்கள் இன்னும் அதை அணைக்கவில்லை, ஆனால் என்னால் உள்ளே நுழைய முடியாது. அக்கா ஊர்த் தேவாலயத்தில் மணி அடிக்கும் கோயில்பிள்ளையைப் போனில் பிடித்தார்.

“மணிய அடியுங்கண்ணே, நிறுத்தாம அடியுங்க!”

வேளை கெட்ட வேளையில் கோயில் மணி அடித்தால் கரைக்குத் திரும்ப வேண்டும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் வள்ளம் அதற்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும்? கீழே மூட்டைகளை மூடிய தார்ப்பாய் காற்றில் படபடத்தது. அவ்வளவு பயம் அதற்கு முன் நான் பட்டதில்லை. அக்கா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவரோ ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும்போது அழைப்பு வந்தது. மணிச்சத்தம் கேட்டுத் திருப்பியிருக்கிறார்கள். கரைக்கு அருகே வள்ளம் கவிழ்ந்து வலை போனது, ஆட்கள் நீந்தி வந்துவிட்டார்கள். அக்கா வாய்விட்டு அழுதார். நான் கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

அதன்பிறகு எதை ஏற்றினாலும் கேட்பேன்: “அக்கா, ஒங்க திரையில என்ன தெரியுது?” அவர் ஒரு சொல் விடாமல் வாசிப்பார். அப்புறம்தான் எனக்கு மூச்சு வரும்.

அந்த அலுவலகம் இப்போது இல்லை, தளமும் இல்லை. அக்கா மகளோடு துபாயில் இருக்கிறார். நான் வீட்டிலிருந்தபடி, முகம் தெரியாத யார்யாருக்காகவோ தினமும் எதையாவது ஏற்றுகிறேன். என் திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. பயத்தோடு, அன்று அக்காவின் மேசை இருந்த பக்கமாகத் திரும்புகிறேன். அங்கே சுவர்தான் இருக்கிறது.