ஆள் விட்டுப் போன இடம்

அந்த இடத்தை நான் யாருக்கும் தானமாகக் கொடுக்கவில்லை. என் கொழுந்தனார் பெண்டாட்டி ஊரெல்லாம் சொல்லித் திரிவது வேறு. "அக்காதான் கூட்டிட்டுப் போயி உக்கார வச்சா, அக்காதான் புடிச்சு இழுத்தா" என்பாள். இரண்டும் உண்மைதான். நடுவில் நடந்ததை மட்டும் சொல்ல மாட்டாள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் பெட்டி அடைக்கும் வேலையில் இருந்தேன். மருந்து முக்கிக் காய்ந்த குச்சிகளை அள்ளிப் பெட்டிக்குள் நிரப்புகிற வேலை. எங்கள் பக்கம் ஃபாக்டரி என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். கல்யாணத்துக்கு முன்பே போக ஆரம்பித்தேன். முன்னால் இருந்தவர்கள் கல்யாணமாகியும் கண் மங்கியும் ஒவ்வொருத்தியாக நின்றுபோக, உள் மூலையிலிருந்து நகர்ந்து நகர்ந்து வாசலோரத்து இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன். அங்கே வெளிச்சம் உண்டு, காற்று உண்டு. குச்சி உரசித் தீப்பிடித்தால் முதல் ஆளாக வெளியே குதிக்கலாம். மூலையில் உட்கார்ந்து பார்த்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அப்போதுதான் கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் வேலைக்குப் போகக் கூடாதாம். எனக்கு வயிற்றைவிட வாசலோரம்தான் பெரிய கவலையாக இருந்தது. ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. நெடுநாள் வராமல் இருக்கப் போகிறவள் தன் இடத்தில் ஒரு ஆளை விட்டுவிட்டுப் போக வேண்டும். அவள் திரும்பி வந்ததும் அந்த ஆள் எழுந்துவிட வேண்டும். ஆள் விடாமல் போனால் இடம் போனதுதான். மெஷின் வரப்போகிறது என்று சொல்லிப் புது ஆள் எடுப்பதையும் நிறுத்தியிருந்தார்கள். விட்டால் மறுபடி நுழையவே முடியாது.

யாரை விடுவது என்று வாரக்கணக்கில் யோசித்தேன். வெளியாளை விட்டால் அவளைக் கிளப்புவது பெரும்பாடு. கெட்டிக்காரியை விட்டால் கணக்கப்பிள்ளைக்கு அவளையே பிடித்துப்போகும். ஆக, வீட்டு ஆளாக இருக்க வேண்டும், சோம்பேறியாகவும் இருக்க வேண்டும். என் கொழுந்தனார் பெண்டாட்டியைவிடப் பொருத்தமானவள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. உளுந்து பறிக்க அனுப்பினால் பாதி நேரம் வேலிக்கருவை நிழலில் இருப்பாள். ஒரு ரசம் ஒழுங்காக வைக்கத் தெரியாது. மருந்து வாடை குமட்டுகிறது என்று கொடியில் கிடக்கும் என் வேலைச் சேலையைக்கூட ஒதுங்கித்தான் தாண்டுவாள். இவளை உட்கார வைத்தால் அக்கா எப்போது வருவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று கணக்குப் போட்டேன். அவளைக் கூட்டிப்போய் என் இடத்தில் விட்டுவிட்டு, என்னைவிடப் புத்திசாலி யாருமில்லை என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஆபரேஷன் முடிந்து புண் ஆற ஆற, திட்டத்தின் அடுத்த பாதியில் இறங்கினேன். திரும்பப் போகிற அன்று வீட்டில் யாரும் குறுக்கே நிற்கக் கூடாது. அதற்கு மாமியார் மனம் குளிர வேண்டும். உட்கார்ந்தபடியே சமைக்க ஆரம்பித்தேன். கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும், உளுந்தங்களியும், துவையலுமாக அந்த வீடு அதுவரை கண்டிராத சாப்பாடு. சாயங்காலமானால் கரிசல் வெடிப்பில் கால் மாட்டாமல் ஆபீஸ் பஸ் நிற்கிற இடம்வரை நடந்து பழகினேன். ஆடிக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. அப்படியும் நடந்தேன்.

ஒன்றுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"ஏட்டி, வேலைக்குப் போயிட்டு வாரவளுக்கு மொதல்ல சோத்தைப் போடு."

முன்பு எனக்காகச் சொன்ன அதே வார்த்தை, அதே குரல். அவள் காலை நீட்டி உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிடுவாள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு நான் சட்டியைச் சுரண்டுவேன். வயிறு எரியும். தையல் போட்டதால் அல்ல.

ஆவணி பிறந்தது. திங்கட்கிழமையிலிருந்து நான் வேலைக்குப் போகிறேன் என்று எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். அவள் தலையைத் தூக்கவில்லை.

"இன்னுங் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கக்கா. அங்கன நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

"ஆமா, நீ போயிட்டா இங்கன சோறாக்குதது ஆரு?" என்றாள் மாமியார். "இவ ஆக்குனா நாய்கூடத் திங்காது. நீ அடுப்புல ஒக்காந்த பெறவுதான் எனக்கு வயிறு ரொம்புது."

என் வீட்டுக்காரர் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டு, "அம்மா சொல்லுததும் சரிதான்" என்றார். நான் வைத்த குழம்பு. அந்தச் சட்டியை அவர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும்.

மறுநாளே டவுன் பஸ் பிடித்துக் கணக்கப்பிள்ளையைப் பார்க்கப் போனேன்.

"அண்ணாச்சி, திங்கக்கிழமை வாரேன். என் எடத்தை எனக்குக் குடுங்க."

"ரெண்டு பேரும் ஒரே வீடுதானம்மா. ஒங்களுக்குள்ள பேசிக்கிடுங்க. எனக்கு அந்த எடத்துல ஒரு கை அசஞ்சாப் போதும்."

வெளியாளாக இருந்தால் வழக்கத்தைச் சொல்லி அவரே கிளப்பியிருப்பார். வீட்டு ஆளை விட்டதில் அந்த இடம் வீட்டுக்குச் சொந்தமாகிவிட்டது, எனக்கில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். உளுந்துக் காட்டில் நிழல் தேடுகிறவள் அங்கே தலை நிமிராமல் அடைத்துக்கொண்டிருந்தாள். கை பறந்தது.

திங்கட்கிழமை அடுப்பைப் பற்ற வைக்காமலே கிளம்பி அவள் ஏறிய பஸ்ஸிலேயே ஏறினேன். பஸ் நின்றதும் அவள் குதித்து ஓடினாள். என்னால் ஓட முடியாது, அது அவளுக்குத் தெரியும். நான் நடந்து போய்ச் சேரும்போது வாசலோரத்தில் சம்மணம் போட்டிருந்தாள். அத்தனை பெண்களும் கையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

"எந்திரிட்டி" என்றேன்.

"மாட்டேன்க்கா." அடைக்கிற கையை நிறுத்தவில்லை. "இங்கன வந்த பெறவுதான் அந்த வீட்டுல எனக்குச் சூடா சோறு போட்டாவ. கல்யாணமாயி வந்ததுலருந்து சட்டியத்தான் சுரண்டிட்டு இருந்தேன். ஒங்களுக்குத் தெரியாதாக்கா?"

தெரியும். நான் உட்கார்ந்து சாப்பிட்ட நாளெல்லாம் எனக்குப் பரிமாறிவிட்டுச் சுரண்டியவள் அவள்தானே. மூன்று மாதம் நானும் சுரண்டிப் பார்த்தாயிற்று. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். அடிவயிற்றில் சுரீரென்றது. விடவில்லை. அவள் எழுந்து தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் டவுன் பஸ்ஸுக்கு நடந்தாள்.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் கால் வைத்ததும் மாமியார் அடுப்படியைப் பார்த்து, "ஏட்டி, வேலைக்குப் போயிட்டு வாரவளுக்கு மொதல்ல சோத்தைப் போடு" என்றாள். கொழுந்தனார் பெண்டாட்டி தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். சோறு குழைந்து கிடந்தது. குழம்பில் உப்பில்லை. ஆனால் சூடாக இருந்தது. அவள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.