மார்ஜரி மிஸ் வாங்கிய அறை

மார்ஜரி மிஸ் இறந்துவிட்டார்... லண்டனில் இருக்கும் என் மகள் இன்று காலை வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினாள்.

குழந்தைகளுக்கு அத்தனை புத்தகம் எழுதியவர், பெரிய கவிஞர் என்று அங்கே பேப்பரில் அரைப் பக்கம் போட்டிருக்கிறார்கள். 'மலாயாவில் சில காலம் வாழ்ந்தார்' என்று ஒரே ஒரு வரி. சில காலமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காட்டுக் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்கார அரசு போட்ட அவசரகாலத்தில், லுக்குட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துத் துரையின் மனைவி அவர். அப்போதே பாட்டு எழுதுவார். மத்தியானம், குழந்தைகளை விட்டுவைக்கும் ஆயாக்கொட்டகைக்கு வந்து, கூலிக்காரர் வரிசைவீடுகளான லயத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருவார்.

"காட்டுக்குள்ளே சோறு தின்பது யார்?" என்று இங்கிலீஷில் ஒரு கேள்விப் பாட்டு. அவரே கட்டியது. நாங்கள் ஆளுக்கொரு மிருகத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். எனக்கு ஏழு வயது, ஒரு மிருகமும் வாயில் வராது... "மை ஃபாதர்!" என்று கத்துவேன். மிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகள் எங்கள் கங்காணியிடம் அரிசி கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை. ரப்பர் பால்மரத்தில் கட்டிவைத்துச் சுட்டுவிட்டார்கள். பால் பிடிக்கும் மங்கு நிறைய அவர் ரத்தம்.

மறுநாள் பட்டாளம் வந்தது. காட்டுக்கு அரிசி கொடுப்பது யார் என்று லயத்துக் கதவுகளை உடைத்துத் தேடினார்கள். அம்மா பாலுக்காக மரம் வெட்டப் போயிருந்தாள், அப்பா காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார்.

வாசலில் நின்ற என்னிடம் ஒரு வெள்ளைச் சிப்பாய் குனிந்து ஏதோ கேட்டான். எனக்குப் புரிந்தது 'ரைஸ்', 'ஜங்கிள்' இரண்டும்தான். நம் பாட்டு என்று நினைத்தேன்...

"மை ஃபாதர்!"

கூட வந்த தமிழ் ஆள் கேட்டான். "ஒங்கப்பா எந்த வீடு பாப்பா?" காட்டினேன். சந்தோஷமாகக் காட்டினேன்.

அப்பாவை முடியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். துப்பாக்கிக் கட்டையால் முதலில் வாயில். பிறகு விலாவில். விழுந்த பிறகு தலையில்.

சத்தம் கேட்டு மிஸ் பங்களாவிலிருந்து ஓடிவந்தார். நான் சொன்னதைத் தமிழ் ஆள் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "அது என் பாட்டு! வெறும் பாட்டு!" என்று இங்கிலீஷில் கத்தினார். ஒருவன் அவரைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளினான்.

மூன்றாம் நாள் சிரம்பான் ஆஸ்பத்திரியில் அப்பா இறந்தார்.

காரியம் முடிந்ததும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு நேரே பங்களாவுக்குப் போனாள். "எம் புருசன எந்தப் பாவி காட்டிக் குடுத்தது? ஒங்களுக்குத் தெரியும் தொரம்மா, சொல்லுங்க!"

மிஸ் என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"நான்... நான்தான் சொல்லிச்சு" என்றார், தன் அரைத் தமிழில்.

அம்மா ஓங்கி அறைந்தாள். உதடு கிழிந்தது. மறுபடியும் அறைந்தாள். மிஸ் தடுக்கக்கூட இல்லை. அடுத்த மாதமே கப்பலேறிவிட்டார்.

"அந்த வெள்ளக்காரி வெளங்கவே மாட்டா" என்று அம்மா சாகும்வரை திட்டினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து "ஆமாம்மா" என்றேன்... முப்பது வருஷம்.

போய் வாருங்கள் மிஸ். அம்மா அங்கே இருந்தால் சொல்லிவிடுங்கள், நான்தான் என்று.