ஹோர்லோவின் காதும் ஹல்தரின் கம்பியும்

ஹோர்லோ என் கணவரின் தங்கை. ஆள் குள்ளம். குதிரையேறி ஏறிக் கால் இரண்டும் வளைந்தவை, வாய் மட்டும் நேர். எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலக் கிணற்றில் டீசல் மோட்டார் ஓட்டுகிற வேலையை இருபது வருஷத்துக்கு மேல் பார்த்தாள். வெளியே ஆடும் குதிரையும் ஒட்டகமும் தண்ணீருக்கு முட்டிக்கொண்டு நிற்கும், இவள் கொட்டகைக்குள் எண்ணெய்க் கறையோடு உட்கார்ந்திருப்பாள். அந்தச் சத்தத்தில் நாங்கள் பேசுவது எதுவும் கேட்காது. வாயசைவைப் பார்த்தே புரிந்துகொள்வாள். அந்தப் பழக்கம்தான் பிற்பாடு எங்கள் எல்லாரையும் ஏமாற்றிவிட்டது. எதிரே நின்று பேசினால் டக்கென்று பதில் வரும். முதுகுக்குப் பின்னால் நின்று பேசிப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தனியாகவே ஆடு வைத்திருந்தாள். மகள் மிச்சித்மா நகரத்தில், மூன்றாவது மாடியில். வருஷப் பிறப்புக்கு வரும்போதெல்லாம் அம்மாவைக் கூப்பிடுவாள், குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது என்பாள். “எனக்கு எதுக்குடி வெந்நீர்? நான் என்ன ஆட்டுத்தலையா, வேகறதுக்கு?” என்று இவள் மகளின் வாயை அடைத்துவிடுவாள்.

தனியாக இருக்க முடிந்ததே ஹல்தரால்தான். கறுப்பு நாய், ஒவ்வொரு கண்ணுக்கு மேலேயும் ஒரு பழுப்புப் பொட்டு, கன்றுக்குட்டி உசரம். அவன் இருக்கிற பட்டிக்கு ஓநாய் வராது. அவன் போனால் ஆடு போகும், ஆடு போனால் மூன்றாவது மாடிதான். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்தக் கோடையில் கெந்தென் என்கிறவன் தொலைந்துபோன பெண்குதிரையைத் தேடிக்கொண்டு அவள் கூடாரத்துக்குப் போனான். எங்களில் யாரும் ஒரு வீட்டுக்குச் சும்மா போய் நிற்க மாட்டோம். தூரத்தில் வரும்போதே “நாயைப் பிடி” என்று கத்த வேண்டும். நாயே இல்லாத வீடாக இருந்தாலும் கத்துவோம், கும்பிடு போடுகிற மாதிரி. கத்திவிட்டால் வீட்டுக்காரி வெளியே வந்து நாயைப் பிடிக்க வேண்டும், அதற்குப் பிறகு கடித்தால் குற்றம் வீட்டுக்காரியுடையது. கத்தாமல் வந்து கடிபட்டால் வந்தவன் தலையெழுத்து.

ஹல்தர் கெந்தெனின் தொடையைக் கிழித்துவிட்டான். தொண்டை வறளக் கத்தினேன் என்றான் அவன். ஒரு சத்தமும் வரவில்லை என்று இவள் சத்தியம் பண்ணினாள். ஊர் இவளைத்தான் நம்பியது. பகுதித் தலைவர் பதார்ச் வந்து இரண்டு பேரையும் விசாரித்தார். “இந்தத் தடவை போகட்டும், அக்கா. இன்னொரு தடவை யார் மேலயாவது பல்லு பட்டுச்சுன்னா நான் துப்பாக்கியோட வருவேன், என்னைத் திட்டக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார். கெந்தெனுக்கு ‘வாயில்லாதவன்’ என்று பேர் விழுந்தது. குதிரைப் பந்தயத்தில் அவன் வந்தால் பயல்கள் அவன் பக்கம் கையைக் குவித்து, சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்து காட்டுவார்கள்.

அந்த வருஷம் மழை இல்லை. மேய்ச்சலைத் தேடி மேற்கே போனோம், அவள் கூடாரமும் என் கூடாரமும் ஒட்டகங்களின் மேலே. வழியெல்லாம் மற்றவர்களின் மேய்ச்சல் நிலம், அங்கங்கே ஆள் நடமாட்டம். நடக்கும்போது பிரச்சினை இல்லை, ஹல்தர் ஆட்டோடு வருவான். நின்ற இடத்தில்தான் கஷ்டம்.

இறக்கி வைத்த சேணத்தில் கட்டினோம், சேணத்தையும் தேநீர்க் கெட்டிலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனான். தோல்வாரில் கட்டினால் விடிவதற்குள் மென்று தின்றுவிட்டான். ஒற்றை முளையில் சங்கிலி போட்டால் சுற்றிச் சுற்றி வந்து கழுத்து முளையோடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீர்ச் சட்டி எட்டாது, நிழலும் எட்டாது. அப்படி ஒரு பகல் கிடந்தால் மறுநாள் என்னைப் பார்த்தே உறுமுவான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

கடைசியில் ஹோர்லோ தான் வேலை பார்த்த பழைய கிணற்றின் கம்பிவடத்தை மூட்டையிலிருந்து எடுத்தாள். பம்பைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் விட்டுப்போனது. கூடாரத்துக்குப் பின்பக்கம் இரண்டு இரும்பு முளை அடித்து, அவற்றுக்கு நடுவே கம்பியைத் தொய்வில்லாமல் கட்டினாள். கம்பியில் ஒரு வளையம், வளையத்தில் சங்கிலி, சங்கிலியில் ஹல்தர். முளைக்குக் கொஞ்சம் முன்னாலேயே கம்பியில் துணியைச் சுற்றித் தடுப்பு வைத்தாள், வளையம் அதைத் தாண்டிப் போய் முளையைச் சுற்றாது. இந்தக் கோடியில் தண்ணீர், அந்தக் கோடியில் நிழல். முன்வாசலுக்கு அவன் எட்டாதபடி அளந்திருந்தாள். பகலெல்லாம் சர் சர்ரென்று ஓடிக்கொண்டு கிடப்பான். இருட்டும்போது அவிழ்த்துவிட்டால் ஓநாய்க் காவல்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு தங்கலிலும் முளை அடித்து, பிடுங்கி, அடித்து, பிடுங்கி, எங்கள் இரண்டு பேருக்கும் தோள்பட்டை கழன்றுபோனது.

மூன்றாவது தங்கலில் வந்து இறங்கும்போதே பனித்தூறல். முதலில் கம்பி, அப்புறம்தான் கூடாரம் என்பது எங்கள் முறை. அன்றைக்குக் குளிர் தாங்காமல் கூடாரத்தைத்தான் முதலில் எடுத்தோம். ஹல்தரைத் தோல்வாரில் ஒரு மூட்டையோடு கட்டிப்போட்டிருந்தாள். நான் உள்ளே, கூரைக் கழிகள் வந்து சேருகிற உச்சி வளையத்தை ஒரு கழியால் தாங்கிக்கொண்டு நின்றேன். கையை எடுத்தால் மொத்தமும் தலையில் விழும். அவள் வெளியே கம்பளியைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்கு அக்கம்பக்கத்தார் தேநீர் கொண்டுவருவது எங்கள் வழக்கம். குன்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்தாள். “நாயைப் பிடிங்க” என்று குரல் கேட்டது. மறுபடியும் கேட்டது, இன்னும் கிட்டத்தில். ஹல்தர் குரைக்கிறதும் கேட்டது.

“ஹோர்லோ, ஆள் வருதுடி” என்றேன் உள்ளேயிருந்து. கம்பளிக்கு அந்தப் பக்கம், கை எட்டும் தூரத்தில் அவள் நிற்பது எனக்குத் தெரிகிறது. முனகிக்கொண்டே கயிற்றை இழுக்கிறாள். இன்னும் சத்தமாகக் கத்தினேன். அவள் பாட்டுக்கு முனகிக்கொண்டே இருந்தாள்.

கழியை விட்டுவிட்டு ஓடினேன். உச்சி வளையம் பின்னால் தொப்பென்று விழுந்தது. அதற்குள் வார் அறுந்து, அந்தப் பெண் தரையில் கிடந்தாள், மேலே ஹல்தர். கழுத்துப்பட்டையைப் பிடித்து நான் இழுக்க, விழுந்த கூடாரத்தைப் பார்த்து விஷயம் புரிந்து ஹோர்லோவும் ஓடிவந்து இழுத்தாள். தேநீரெல்லாம் மண்ணோடு. அந்தப் பெண்ணின் கம்பளிச் சட்டைக் கை முழங்கை வரை கிழிந்திருந்தது, தோலில் இரண்டு பல் இறங்கியிருந்தது.

அவள் பேர் தெல்கெர்மா. எழுந்து உட்கார்ந்து ஹோர்லோவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: “நான் கத்திக்கிட்டேதானே வந்தேன், அக்கா.”

ஹோர்லோ வாயைத் திறந்தாள். கெந்தெனிடம் சொன்னதையே சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அண்ணி, நீங்க கேட்டீங்களா?” என்றாள்.

“கேட்டேன். உன்னையும் கூப்பிட்டேன்.”

“எத்தனை தடவை?”

“தொண்டை போற அளவுக்கு.”

அவள் நாயைப் பிடித்தபடியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு தெல்கெர்மாவிடம், “நீ கத்தியிருப்பம்மா. எனக்குத்தான் காது கேக்கல. கொஞ்ச நாளா இல்ல, ரொம்ப நாளாவே கேக்கல” என்றாள்.

தெல்கெர்மா நல்ல பெண். தடுக்கி விழுந்ததாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். நானும் அதற்கு ஆமாம் போட்டேன், யாருக்குத் தெரியப் போகிறது என்றேன். ஹோர்லோ ஒத்துக்கொள்ளவில்லை. கையைக் கழுவி, கொழுப்புத் தடவி, துணியைச் சுற்றிவிட்டு, மருந்துக்கார அம்மா ஊசி போடட்டும் என்று, குதிரைகளோடு பின்னால் வந்துசேர்ந்த என் மகனோடு மோட்டார் சைக்கிளில் ஏற்றியும்விட்டாள். மறுநாளே பதார்ச்சுக்குத் தானே ஆள் சொல்லி அனுப்பினாள்.

பதார்ச் துப்பாக்கியோடுதான் வந்தார். தூரத்திலேயே “நாயைப் பிடி” என்று கத்தினார். நான்தான் போய்ச் சொல்லி அவளை வெளியே கூட்டிவந்தேன். கம்பியையும் வளையத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், ஹல்தர் எங்கே வரை வருகிறான் என்று தானே நின்று பார்த்தார். கடைசியில், முதலில் கடிபட்டவன் கெந்தென், அவன் சரியென்றால் நாய் இருக்கட்டும், இல்லையென்றால் இன்றைக்கே முடித்துவிட வேண்டியதுதான் என்றார்.

கெந்தெனும் அந்தப் பக்கமாகத்தான் மேய்ச்சலுக்கு வந்திருந்தான். நாங்கள் மூன்று பேரும் போனோம். ஹோர்லோ மரியாதைக்கு மூக்குப்பொடிக் குப்பியை இரண்டு கையாலும் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே குதிரைக் கயிற்றைப் பின்னினான்.

“என் மகனே என்னை நம்பல, தெரியுமா?” என்றான். “நாய சுட்டா எனக்கு என்ன கிடைக்கும்? அது அதோட வேலையைப் பாத்துச்சு. நீங்க ஊருக்குச் சொல்லுங்க. ஒவ்வொரு வீட்டுலயும் போய், உங்க வாயால.”

அவள் பேசுகிறவர் வாயையே பார்க்கிறவளாயிற்றே, அவன் சொன்னதில் ஒரு சொல்லும் தவறவில்லை. சரி என்றாள். அதற்குப் பிறகுதான் அவன் குப்பியை வாங்கி முகர்ந்தான்.

வீடு வீடாகப் போனோம். நான் தூரத்திலேயே கத்துவேன், அவள் உள்ளே போய்ச் சொல்வாள். சிலர் சிரித்தார்கள். ஒரு கிழவன் அவள் காதுக்குள்ளேயே வாயை வைத்து நலம் விசாரித்தான். அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ஊருக்குச் சொன்னால் மகளுக்கும் போகும். போயிற்று. மிச்சித்மா லாரியில் வந்தாள், அழுதாள், கையோடு கூட்டிப்போகிறேன் என்றாள். நான் குறுக்கே நின்றேன். என் கூடாரமும் அவள் கூடாரமும் இனி ஒரே பட்டியில் நிற்கும், என் காது அவளுக்கு, அவள் நாய் எனக்கு, இந்தக் குளிர்காலம் போகட்டும் என்றேன். அடுத்த குளிர்காலத்தைப் பற்றி மிச்சித்மா கேட்டாள். அப்போது நான் இருந்தால் கேள் என்று சொல்லிவிட்டேன்.

அவளை அனுப்பிவிட்டு மறுபடி இடம் மாறினோம். நிலம் உறைந்து கல்லாகிக் கிடந்தது, முளை இறங்கவே இல்லை. சாண நெருப்பு மூட்டி மண்ணை இளக்கி, ஹோர்லோ கொஞ்சம் அடிக்க, நான் கொஞ்சம் அடிக்க, பொழுது சாய்ந்துவிட்டது. கூடாரம் இன்னும் ஒட்டகத்தின் மேலேயே இருந்தது.

“கை விட்டுப்போச்சு, அண்ணி” என்றாள்.

நான் சுத்தியலை வாங்கிக்கொண்டேன்.