அமலி எழுதிய நாலு வரி

போன வாரம், கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், முதலாளி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். போனை நீட்டினார்.

"மாரி, இது யாருப்பா?"

பார்த்தேன். யாரென்று தெரிந்தது. உடனே சொல்லவில்லை.

வாரா வாரம் வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன் — விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் போர்மேன்.

எங்கள் ஆபீசில் பாத்திமா என்றொரு பெண் இருக்கிறது. நம் சரக்கைப் பற்றி பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் யார் என்ன பேசுகிறார்கள் என்று பார்த்து முதலாளியிடம் காட்டுவதுதான் அதற்கு வேலை. வாங்குகிறவர் வாயால் கேட்பது நல்லதுதானே? இந்த சீசனில் எல்லாம் அஞ்சு ஸ்டார். முதலாளிக்குச் சந்தோஷம்.

அதில் பாதி நாங்கள் போட்டது. மேனேஜர் போடச் சொன்னார், போட்டோம். முதலாளிக்கு அது தெரியாது.

இது வேறு. பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, ஒரே ஸ்டார். கீழே நாலு வரி.

"இந்தப் பூச்சட்டி திரி பத்துனதும் பொசுக்குனு மேல வந்துருச்சு. வெலக நேரமில்ல. எங்க வீட்டுக்காரருக்கு வெரல் வெந்துபோச்சு. புள்ளைக கையில குடுக்காதீக."

கூடவே பெட்டியின் போட்டோ. தீபாவளிக்குத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கிற கிப்ட் பெட்டி. 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்திருக்கும். வெளியாள் இல்லை என்று முதலாளிக்குப் புரிந்துவிட்டது.

பெட்டிக்குப் பின்னால் ஒரு கிறிஸ்துமஸ் குடில். வீணாய்ப் போன பட்டாசு லேபிளை வெட்டி ஒட்டிச் செய்தது. என் ஷெட்டில் வேலை பார்க்கிற அமலியின் வீட்டுக் குடில். முந்தின நாள்தான் அங்கே கேக் சாப்பிட்டேன். கிறிஸ்தவ வீடுகளில் தீபாவளிப் பெட்டியைப் பிரிக்காமல் கிறிஸ்துமஸுக்கு வைத்திருப்பார்கள்.

முதலாளி குரலை உயர்த்தவில்லை. நம் ஆளே இப்படி எழுதினால் எந்த ஏஜெண்டு லோடு எடுப்பான் என்றார். யாராக இருந்தாலும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

அமலியின் வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றுகிறவர். விரலில் கட்டோடு வீட்டில் இருக்கிறார். இவள் வேலையும் போனால்? மறைக்கலாம். மறைத்தால் மொத்த ஷெட்டையும் வரிசையில் நிறுத்துவார்.

நானே கூட்டி வருகிறேன் என்றேன்.

அமலி வந்தாள். நான்தான் எழுதினேன் என்றாள். என்னிடம் வந்து சொன்னால் என்ன என்று முதலாளி கேட்டார்.

"அஞ்சு ஸ்டார் போட்டதும் நாந்தான் மொதலாளி. மேனேஜர் சார் சொன்னாக, ஷெட்டே போட்டுச்சு. அப்ப யாருன்னு நீங்க கேக்கலையே."

முதலாளி பாத்திமாவைப் பார்த்தார். அது தரையைப் பார்த்தது.

"வேலைக்கு வேண்டாம்னா போறேன். ஆனா அதே பூச்சட்டி கடையில கெடக்கு. நியூ இயருக்குப் புள்ளைக வாங்கும்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். குடோனில் அந்தப் பூச்சட்டி மிச்சம் இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். இருந்தது. கம்பெனிக்கு வெளியே பொட்டலுக்கு எடுத்துப் போய், நீளக் குச்சியில் நெருப்பு வைத்தேன். திரி பற்றியது தெரியவில்லை, அதற்குள் சீறிவிட்டது. அடுத்ததும் அப்படியே.

கூட வந்த முதலாளி அங்கேயே நின்று ஏஜெண்டுகளுக்குப் போன் போட்டார். அந்தப் பூச்சட்டியை விற்க வேண்டாம், திருப்பி அனுப்புங்கள் என்றார். ஒருத்தர் கத்தியது எனக்கே கேட்டது.

அமலி மறுநாள் வேலைக்கு வந்தாள். போகச் சொல்லவும் இல்லை, வரச் சொல்லவும் இல்லை... வந்தாள்.

ஊரெல்லாம் என்ன பேசுகிறது என்று தேடுகிறோம். அடுத்த ஷெட்டில் பேசுவது காதில் விழுவதில்லை.

இரண்டு நாள் கழித்து முதலாளி பேக்கிங் ஷெட்டுக்கு வந்தார். உள்ளே செல்போன் ஆகாது. கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். அவரும் கொடுத்துவிட்டு வந்து, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். சரக்கு எப்படி என்று கேட்டார். முதலில் எல்லோரும் குனிந்து பெட்டி கட்டினார்கள். அப்புறம் ஒரு அம்மா, பசை ஒட்டவில்லை என்றது. இன்னொன்று, அட்டை மெலிசு என்றது. அப்படியே குடிதண்ணீர், கக்கூஸ் கதவு என்று போனது.

சாப்பாட்டு மணி அடித்தது. முதலாளி எழுந்தார்.

அவர்கள் விடவில்லை.