பம்ப் குழியில் அடித்த தைல வாசம்

பேய், பிசாசு, சகுனம் எதையும் நான் நம்புகிறவன் இல்லை. ரூமில் யாராவது ஆவிக் கதையை ஆரம்பித்தால் "போய்த் தூங்குங்கடா, காலையில ட்யூட்டி இருக்கு" என்று விரட்டுகிற ஆள். அதனால் இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள், நடந்தது நடந்ததுதான்.

ராஸ் அல் கைமாவில் மலையடிவாரத்தில் ஒரு கல் குவாரி, அதை ஒட்டி ஒரு கேம்ப். அந்தக் கேம்பின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிளாண்டில் எனக்கு வேலை. கக்கூஸ் தண்ணீர், குளித்த தண்ணீர், மெஸ் கழுவிய தண்ணீர் எல்லாம் ஓர் ஆழக் குழியில் வந்து விழும், பம்ப் அதை மேலே தள்ளும், தொட்டி தொட்டியாகத் தெளிந்து கடைசியில் பின்னால் ஒரு குளத்தில் தேங்கும். அந்த வறண்ட பூமியில் அதை நம்பி எங்கிருந்தோ நாரைகள் வந்து இறங்கும். நாங்கள் அதை ஏரி என்றுதான் சொல்வோம், கொஞ்சம் பெருமையாகவே.

நாங்கள் என்றால் நானும் தாசனும். பரமக்குடிக்காரன், என் வயதுதான், பக்கத்துக் கட்டில். வாய் ஓயாது, ஆனால் அவன் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ட்யூட்டிக்கு வரும்போதே மூக்குக்குக் கீழே நீலகிரித் தைலத்தை அப்பிக்கொள்வான், ஆள் வருவதற்கு முன்னால் வாசம் வந்துவிடும். குழிக்குள் ஒருவர் இறங்கினால் மேலே ஒருவர் நிற்கவேண்டும், காஸ் மீட்டரைக் கயிற்றில் விட்டுப் பார்க்காமல் கால் வைக்கக் கூடாது, இது எங்கள் வேலையின் சட்டம். உள்ளே ஊறும் விஷவாயு முதலில் அழுகிய முட்டையாக நாறும், அளவு மீறினால் மூக்கே மரத்துப்போய் ஒன்றும் தெரியாது. "நாத்தம் அடிச்சா திட்டு, அடிக்கலைன்னா ஓடு மாப்ள" என்பான் தாசன்.

ஊரில் நடந்த அவன் கல்யாணத்துக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. முகூர்த்தத்தன்று மனசு முழுக்க அங்கேதான் இருந்தது. இங்கே கொளுத்தும் கோடை, மத்தியான ஓய்வு நேரம், கேம்பே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியது. அப்போது பார்த்து பம்ப் அடைத்துக்கொண்டது. குழி நிரம்பினால் கழிவு அத்தனையும் கேம்புக்குள் திரும்பும். என்னோடு ட்யூட்டியில் இருந்த ரஃபீக் பாய்க்குக் காய்ச்சல், பம்ப் ரூமில் சுருண்டு கிடந்தார், எழுப்ப மனசு வரவில்லை. நானே போய் மூடியைத் திறந்தேன். நாற்றமே இல்லை. 'அட, இன்னைக்கு நல்லா இருக்கே' என்று நினைத்தேன் பாருங்கள், தினமும் கேட்ட பேச்சு அந்த நேரத்தில் மண்டையில் உறைக்கவில்லை. ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தத் தைல வாசம். மூக்கே வேலை செய்யாத இடத்தில் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு அடித்தது. தாசன் பின்னால் நிற்கிறான் என்றே நினைத்து, ஏணியிலிருந்து காலை எடுத்துவிட்டுத் திரும்பி, "என்னடா மாப்ள, கல்யாணத்த விட்டுட்டு..." என்று வாயெடுத்தேன். வெயிலும் மணலும்தான் இருந்தன. மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். பாதி ஆழம் போவதற்குள் அது அலறிய அலறலில் ரஃபீக் பாய் எழுந்து, "க்யா ஹுவா பாய்?" என்று ஓடிவந்தார். யாரும் இறங்காமல் பம்பைச் சங்கிலியில் மேலே இழுத்துச் சரி செய்தோம்.

சாயங்காலம் தாசனுக்குப் போன் போட்டேன். வாழ்த்துச் சொல்லக்கூட விடவில்லை.

"டேய், நீ நல்லாத்தான இருக்க?" என்றான். "பந்தியில பொண்ணு பக்கத்துல உக்காந்து மொத வாய் எடுக்குறேன், மூக்குல நம்ம குழி நாத்தம். நம்ம குழிதான் மாப்ள, எனக்குத் தெரியாதா? கொமட்டிக்கிட்டு வந்து எந்திரிச்சிட்டேன். சாம்பார் பிடிக்கலையா, பொண்ணு பிடிக்கலையான்னு மாமனார் வீட்டுல ஒரே ரகளை."

சிரிக்கப் பார்த்தேன், அழுகைதான் வந்தது. நடந்ததைச் சொன்னேன். இங்கே மத்தியானம், அங்கே பந்தி நேரம்.

தாசன் திரும்பி வரவில்லை, ஊரிலேயே கடை வைத்துவிட்டான். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எனக்கு ட்யூட்டி இல்லை, ரூமில் ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். போன் அடித்தது.

"மாப்ள, எங்க இருக்க? மறுபடியும் அதே நாத்தம். எங்க இருந்தாலும் வெளிய வந்துரு."

செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து மணலில் நின்றேன். அவன் போனை வைக்கவேயில்லை. வெகுநேரம் கழித்து, "ம், போயிருச்சு. உள்ள போ" என்றான்.

போய்ப் பார்த்தேன். கட்டில், ஏசி, கொடியில் துணி, எல்லாம் அப்படியே இருந்தன. எதிலிருந்து என்னை வெளியே கூப்பிட்டான் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்றும் அந்தக் கட்டிலில்தான் படுக்கிறேன். போனை மட்டும் சைலண்டில் போடுவதில்லை.